மூக்கடைப்பு: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மூக்கடைப்பு தொடர்பான கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "இதற்கு என்ன மருந்து?" என்றே முடிந்திருந்தன. மூக்கை அடைத்திருப்பது வீங்கிய சவ்வா, வளைந்த மூக்குத் தண்டா (இரு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சுவர்), வளர்ந்த சதையா என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிலையும் காரணத்தில் தொடங்கி மருந்துக்கு வருமாறு எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அடைப்பையே நாள்பட்டது என்கிறோம்; இங்கே எழுதியுள்ள அனைவருக்கும் அதைவிட நீண்ட காலமாகத் தொல்லை இருக்கிறது.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): எனக்கு வயது 34. கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சளி பிடித்தபோது மருந்துக் கடையில் வாங்கிய மூக்குச் சொட்டு மருந்தைப் போடத் தொடங்கினேன். இப்போது அது இல்லாமல் தூங்க முடியவில்லை. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போட்டுக்கொள்கிறேன். தலையணைக்கு அடியில் ஒன்று, அலுவலகப் பையில் ஒன்று, வண்டிப் பெட்டியில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். இதை எப்படி விடுவது, டாக்டர்?

பதில்: உங்கள் மூக்கை இன்று அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தச் சொட்டு மருந்தேதான். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் ஆகிய மருந்துகள் மூக்கின் உட்சவ்வில் உள்ள இரத்தக் குழாய்களைச் சில நிமிடங்களில் சுருக்கி வழி திறந்துவிடுகின்றன. சளிக் காலத்தில் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் பயன்படுத்த அவை நல்ல மருந்துகள். அதற்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்குகின்றன. அந்த வீக்கத்தை அடக்க மறுபடியும் சொட்டு, அதன் பின் இன்னும் கூடுதலான வீக்கம் என்று இது சுழல்கிறது. மருந்து தங்கும் நேரமும் நாளுக்கு நாள் குறைகிறது. இரவில் நீங்கள் பலமுறை எழுவதற்கு இதுவே காரணம். இதைக் கெட்ட பழக்கமாக எண்ணி மனம் நொந்துகொள்ள வேண்டாம். இந்த எச்சரிக்கை புட்டியின் மீது மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. கடையில் அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

விடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இன்றோடு முழுவதும் நிறுத்திவிடுவது ஒன்று. ஒரு துவாரத்தில் மட்டும் முதலில் நிறுத்தி, அது தெளிந்த பின் மற்றதில் நிறுத்துவது இன்னொன்று. தூக்கம் முழுவதும் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரு பக்கமாவது மூச்சு விட முடிகிறது என்ற தைரியம் அவர்களைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது. எந்த வழியானாலும், நிறுத்தும் நாளிலேயே புளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கிவிட வேண்டும். சொட்டு மருந்தைப் போல அது உடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய ஒன்று இரண்டு வாரங்கள் ஆகும். இந்த இடைவெளிதான் கடினமான காலம். தலைமாட்டை உயர்த்திப் படுப்பதும், உறங்கப்போகுமுன் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும் அப்போது பெரிதும் உதவும். மிகவும் சிரமப்படுபவர்களுக்குச் சில நாட்கள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை தருவதும் உண்டு; அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஸ்பிரே போடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் "போட்டேன், கேட்கவில்லை" என்று வருபவர்களில் பலர் தவறான முறையில் போட்டவர்களாகவே இருக்கிறார்கள். புதுப் புட்டியைக் குலுக்கி, சீரான தூவல் வரும்வரை காற்றில் சில முறை அழுத்திப் பாருங்கள். தலையை அண்ணாந்து பார்க்காமல், இலேசாக முன்னால் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கையாலும், இடது துவாரத்துக்கு வலது கையாலும் பிடியுங்கள்; அப்போது புட்டியின் முனை தானாகவே நடுத்தண்டை விட்டு விலகி, அந்தந்தப் பக்கக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி அமையும். மெதுவாக மூச்சை இழுத்தவாறே அழுத்துங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்குமே தவிர, மூக்கில் தங்காது. நடுத்தண்டின் மீதே தொடர்ந்து அடித்தால் இரத்தக் கசிவு வரும்.

சொட்டு மருந்து முழுவதும் நின்ற பிறகு, முதன்முதலில் அடைப்பை உண்டாக்கிய காரணம் எதுவென்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். வீங்கிய சவ்வுக்குப் பின்னால் வளைந்த தண்டோ அலர்ஜியோ மறைந்திருக்கக்கூடும். உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் இந்தச் சொட்டு மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): காலையில் எழுந்ததும் பத்து இருபது தும்மல், பிறகு மூக்கு ஒழுகல், மதியத்துக்குள் அடைப்பு. பல ஆண்டுகளாக லீவோசெட்ரிசின், மான்டிலூகாஸ்ட் இரண்டும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன். தும்மல் நிற்கிறது, அடைப்பு நிற்கவில்லை. மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருப்பதால் வாங்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது ஒவ்வாமை மூக்கழற்சிக்கு உரிய வரிசை. லீவோசெட்ரிசின், பெக்சோபெனடின் போன்ற மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் ஒழுகலையும் நன்றாகக் கட்டுப்படுத்தும். அடைப்பில் அவற்றின் பலன் குறைவு. அடைப்பே முதன்மையான தொல்லை என்றால், மூக்கினுள் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான் முதல் மருந்து. உங்கள் மருத்துவர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

ஸ்டீராய்டைப் பற்றிய அச்சம், மாதக்கணக்கில் மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்தவர்களின் முகம் உப்பியதையும் சர்க்கரை ஏறியதையும் கண்டதால் வருவது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் புளூட்டிகசோன், மொமெட்டசோன் ஸ்பிரேக்கள் மைக்ரோகிராம் அளவில் மூக்குச் சவ்வின் மீது மட்டும் வேலை செய்பவை. இரத்தத்தில் கலப்பது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. வறட்சி, இலேசான இரத்தக் கசிவு ஆகியவையே பொதுவாகக் காணும் தொல்லைகள். அவையும் முறையாகப் போட்டால் குறைந்துவிடும். கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். நான் அஞ்சுவது, இந்த ஸ்பிரேக்குப் பயந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை "அலர்ஜி ஊசி" என்ற பெயரில் நீண்ட நாள் தங்கும் ஸ்டீராய்டைப் போட்டுக்கொள்பவர்களை நினைத்துத்தான். அவர்கள் உடலில் சேரும் அளவு பன்மடங்கு அதிகம்.

மான்டிலூகாஸ்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மருந்து சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் வரை கொண்டுவரலாம் என்பதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மூக்கு ஒவ்வாமைக்கு மட்டும் என்றால் மற்ற மருந்துகள் பலிக்காத நிலையிலேயே அதைத் தர வேண்டும் என்றும் கூறியது. ஆஸ்துமா இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. உங்களுக்கு ஆஸ்துமா இல்லையென்றால், ஸ்பிரேயைத் தொடங்கி ஒரு மாதம் கழித்து, இந்தக் கூட்டு மாத்திரை இன்னும் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்பிரே மட்டும் போதாவிட்டால், அசெலாஸ்டின் என்னும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த ஸ்பிரேக்கள் இருக்கின்றன.

காலையில் எழுந்தவுடன் தும்முவதால், படுக்கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையும் மெத்தையும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் வாழ ஏற்ற இடங்கள். உறைகளை வாரம் ஒருமுறை கொதிசூடான நீரில் துவையுங்கள். தலையணையை அடிக்கடி கடும் வெயிலில் போடுங்கள். நெருக்கமாக நெய்த, உண்ணி புகாத உறைகளும் கிடைக்கின்றன. படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் வேண்டாம். காலி மனைகளில் பார்த்தீனியம் பூத்திருக்கும் பகுதியில் குடியிருந்தால் அதன் மகரந்தமும் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அடங்காவிட்டால், தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை செய்து, எதற்கு ஒவ்வாமை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அதே பொருளைச் சிறு சிறு அளவில் கூட்டிக்கொண்டே போகும் எதிர்ப்புச் சிகிச்சைக்குச் செல்லலாம். லண்டனில் லியோனார்ட் நூன் புல் மகரந்தத்தைக் கொண்டு இதைச் செய்து 1911இல் வெளியிட்டார். இன்று ஊசியாகவும் நாக்கின் அடியில் வைக்கும் மருந்தாகவும் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும்; நிறுத்திய பின்னும் பலன் சில ஆண்டுகள் நீடிப்பது இதன் சிறப்பு. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே அமர்ந்திருக்க வேண்டும்; ஒவ்வாமை திடீரென்று கடுமையானால் சமாளிக்கும் வசதி இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டும். ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): என் மூக்கில் ஒரு பக்கம் அடைத்திருக்கும், சில மணி நேரம் கழித்து மறுபக்கம் அடைக்கும். வலது பக்கம் சாய்ந்து படுத்தால் வலது அடைக்கிறது. இது என்ன நோய்?

பதில்: இது நோயில்லை. மூக்கின் இருபுறச் சவ்வும் மாறி மாறி வீங்கித் தணிவதை ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இல் விவரித்தார். பெரும்பாலோரிடம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இம்மாற்றம் நிகழ்கிறது. சரம் பார்ப்பது என்று நம் முன்னோர் இடகலை, பிங்கலை என்று மூச்சோட்டத்தைக் கவனித்ததும் இந்த மாற்றத்தைத்தான். சாய்ந்து படுக்கும்போது கீழ்ப்பக்கம் வீங்குவதும் இயல்பே. இந்த இயல்பான சுழற்சியைப் பொதுவாக யாரும் உணர்வதில்லை. உங்களுக்குத் தொல்லையாகத் தெரிகிறதென்றால், சவ்வு ஏற்கெனவே ஓரளவு வீங்கியிருக்கலாம். எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைத்திருப்பதுதான் கவலைக்குரியது.

கேள்வி (கும்பகோணம் வாசகி): நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறேன், தைலம் தடவுகிறேன். அப்போதைக்குத் திறந்தது போல இருக்கிறது. உறவினர் ஒருவர் ஜலநேதி (மூக்கில் நீர் விட்டுக் கழுவுவது) செய்யச் சொல்கிறார். கிணற்று நீரில் செய்யலாமா?

பதில்: கிணற்று நீரில் செய்யவே கூடாது, குழாய் நீரிலும் அப்படியே செய்யக் கூடாது. நெக்லேரியா பௌலெரி என்னும் அமீபா மூக்கின் வழியாக மூளைக்கு ஏறினால், பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. கேரளத்தில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட அமீபா மூளைக்காய்ச்சல் மரணங்களைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். நீரைக் குறைந்தது ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பின் பயன்படுத்துங்கள்.

இந்த ஒரு கவனத்தோடு செய்தால், உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது, வீட்டு வைத்தியம் என்று சொல்லப்படுபவற்றில் எனக்கு முழு நம்பிக்கை உள்ள ஒன்று. ஒவ்வாமை, சைனஸ் அழற்சி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள் எல்லாவற்றிலும் இது உதவுகிறது. ஒரு லிட்டர் நீருக்கு ஒன்பது கிராம் உப்பு என்பது உடல் நீருக்கு இணையான செறிவு; ஒரு டம்ளருக்கு, அதாவது 240 மில்லிக்கு, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேராத உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போதும். வாஷ்பேசின் மீது குனிந்து, தலையை ஒருக்களித்து, வாயால் மூச்சு விட்டவாறு மேல் துவாரத்தில் ஊற்றினால் கீழ்த் துவாரம் வழியாக வழியும். முடிந்ததும் இரு துவாரங்களையும் அழுத்திப் பிடித்துச் சிந்தாதீர்கள். நீர் காதுக்கு ஏறும். பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வையுங்கள். ஸ்பிரே பயன்படுத்துபவர்கள் முதலில் கழுவிவிட்டுப் பிறகு ஸ்பிரே போட வேண்டும்.

ஆவி சிறிது நேரம் இதமாக இருக்கும். அடைப்பை நிலையாகக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பெரியவர்கள் கவனமாகப் பிடிப்பதில் தவறில்லை. குழந்தைகளுக்குக் கொதிநீர்ச் சட்டியை வைத்துப் போர்வை மூடுவதை நிறுத்திவிடுங்கள்; அது கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்த குழந்தைகள் தீப்புண் பிரிவுக்கு இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். தைலத்தில் உள்ள மென்தால், குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகளைத் தூண்டி, காற்று தாராளமாகப் போவதான உணர்வைத் தருகிறது. மூக்கின் வழியை அளந்து பார்த்தால் அது விரிந்திருப்பதில்லை. தூங்க உதவுகிறதென்றால் நெஞ்சில் சிறிது தடவிக்கொள்ளுங்கள். கற்பூரம் கலந்த எதையும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி (மதுரை வாசகர்): மூக்குத் தண்டு வளைந்திருப்பதாகக் கூறி அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். செய்தாலும் மறுபடி வந்துவிடும் என்கிறார் நண்பர். ஸ்கேன் அறிக்கையிலும் வளைவு என்றுதான் இருக்கிறது. வயது 41.

பதில்: ஸ்கேனில் வளைவு இருப்பது மட்டும் அறுவை சிகிச்சைக்குக் காரணமாகாது. மயிரிழை பிசகாமல் நேராக உள்ள தண்டு அரிது. ஓரளவு வளைவோடு எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்பவர்கள் ஏராளம். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. அடைப்பு எந்தப் பக்கம்? வளைவு இருக்கும் பக்கமும் அதுவும் ஒன்றா? சுருக்கும் மருந்தை ஒருமுறை அடித்துப் பார்த்தபோது வழி நன்றாகத் திறந்ததா? திறந்தால் சவ்வு வீக்கத்தின் பங்கு அதிகம்; திறக்காமல் அப்படியே இருந்தால் எலும்பும் குருத்தெலும்பும்தான் தடை. கன்னத்தை விரலால் வெளிப்புறம் இழுத்துப் பிடித்தால் மூச்சு எளிதாகிறதா? ஆம் என்றால், மூக்கின் முன்பகுதியில் உள்ள மிகக் குறுகலான வாயில் பலவீனமாக இருக்கலாம். தண்டை மட்டும் நிமிர்த்தினால் அது தீராது. என்டோஸ்கோப் (மூக்கினுள் செலுத்திப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) வழியாகப் பார்த்த மருத்துவர் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியும்.

ஸ்பிரேயையும் உப்பு நீரையும் சில வாரங்கள் முறையாகப் பயன்படுத்தியும் பலன் இல்லை, அடைப்பு உங்கள் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது, பரிசோதனையும் வளைவையே காட்டுகிறது என்றால், அறுவை சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம். இதில் பலகாலம் ஐயம் இருந்தது. இப்போது நல்ல ஆய்வுகள் வந்துவிட்டன. நெதர்லாந்தில் 203 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வும், பிரிட்டனில் 378 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிடத் தெளிவாக நலம் பெற்றதைக் காட்டின. பிரிட்டன் ஆய்வில் மற்ற பிரிவினருக்கு ஆறு மாதம் ஸ்டீராய்டு, உப்பு நீர் ஸ்பிரேக்கள் தரப்பட்டன என்பதால் ஒப்பீடு நேர்மையானது.

வெளியே தழும்பு தெரியாது. பெரும்பாலும் முழு மயக்கத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். மூக்கினுள் வைக்கும் பஞ்சோ தகடோ இருக்கும் நாட்கள்தான் சிரமமானவை; வாயால் மூச்சு விட்டுத் தொண்டை வறண்டுபோகும். இரண்டு வாரம் பாரம் தூக்காமல், மூக்கைப் பலமாகச் சிந்தாமல் இருக்க வேண்டும். இரத்தப்போக்கு, தொற்று, அரிதாகத் தண்டில் ஓட்டை, மேல் முன்பற்களில் சில வாரம் மரத்த உணர்வு ஆகியவை ஏற்படலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இதைச் செய்கிறார்கள்.

நண்பர் சொல்வதிலும் பொருள் உண்டு. நிமிர்த்திய தண்டு பழையபடி வளைவது குறைவு. அலர்ஜி உள்ளவருக்கு, பக்கச் சுவரில் உள்ள டர்பினேட் சதைகள் மீண்டும் வீங்குவதே "திரும்பி வந்தது" போலத் தோன்றுகிறது. அவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின்னும் ஸ்பிரே தேவைப்படும். தேவையானால் டர்பினேட்டையும் ரேடியோ அலை போன்ற முறையால் உள்ளிருந்து சுருக்கலாம். அதை முழுவதும் வெட்டி எடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரமாக்குவது அந்தச் சதைதான். அதை இழந்தவர்களில் சிலர், வழி அகலமாகத் திறந்திருந்தும் மூச்சு போவதே தெரியவில்லை என்ற கொடிய தவிப்புக்கு ஆளாகிறார்கள்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): என் ஐந்து வயது மகன் வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான், குறட்டை விடுகிறான். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்கிறான். என் மாமியார் மூக்கில் எண்ணெய் விட்டால் சரியாகும் என்கிறார். சளி மருந்து சிரப் கொடுத்தும் குறையவில்லை.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி டிவி சத்தத்தைப் பற்றியது. மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே உள்ள அடினாய்டு சதை பெருத்தால் மூச்சை அடைப்பதோடு காதுக்குப் போகும் குழாயையும் அடைத்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும். குழந்தைக்கு வலி இருக்காது. கேட்கும் திறன் மட்டும் மங்கும். அது பள்ளியில் கவனக் குறைவாகத் தெரிந்து, குழந்தை வீணாகத் திட்டு வாங்குவதும் உண்டு. உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்புத் திறன் சோதனையும் செய்துவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு திணறி இழுக்கிறானா என்று இரண்டு இரவு கவனியுங்கள்; கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு போனால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.

அடினாய்டு வளர்பருவத்தில் பெருத்து, பதின்வயதுக்குள் தானாகச் சுருங்குவது. எனவே தொல்லை இலேசானதென்றால் மொமெட்டசோன் ஸ்பிரேயைச் சில வாரங்கள் போட்டுப் பார்த்துக் காத்திருக்கலாம். மூச்சு நின்று திணறுதல், மாதக்கணக்கில் காதில் நீர் தங்குதல், திரும்பத் திரும்பத் தொற்று ஆகியவை இருந்தால், காத்திருப்பதைவிட அகற்றுவதே நல்லது.

மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்: மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி அங்கேயே தங்கி, ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது எண்ணெய் விட்டு ஊதும் வழக்கத்தால் இந்நோய் வந்த குழந்தைகள் நம் ஊர்களிலேயே உண்டு. சிரப்பையும் நிறுத்துங்கள். குளோர்பெனிரமைனும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டாலும், வாய்வழி பினைல்எப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அதே ஆண்டு அமெரிக்க நிபுணர் குழு ஒருமனதாக முடிவு செய்தது. சிரப்பால் அடினாய்டு சுருங்காது.

கேள்வி (மட்டக்களப்பு வாசகர்): இரு பக்கமும் அடைப்பு; வாசனையே தெரிவதில்லை. இருமுறை சதை வளர்ச்சியை எடுத்தும் திரும்பிவிட்டது. இளைப்பும் உண்டு. வலி மாத்திரை போட்டால் இளைப்பு கூடுகிறது.

பதில்: பாலிப் எனப்படும் மூக்குச் சதை வளர்ச்சி, ஆஸ்துமா, வலி மாத்திரை ஒவ்வாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நோய் ஒன்று உண்டு, உங்களுக்கு அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினாக் ஆகியவற்றை இனித் தொடாதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள். இந்நோயில் அறுவை சிகிச்சை அடைப்பை நீக்கி, மருந்து உள்ளே போக வழி செய்துகொடுக்கிறது. பாலிப்பை வளர்க்கும் அழற்சி சவ்விலேயே இருக்கிறது. எனவே அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு ஸ்பிரேயை, அல்லது மருத்துவர் சொல்லும் அளவில் ஸ்டீராய்டு கலந்த உப்பு நீர்க் கழுவலை, விடாமல் தொடர்ந்தாக வேண்டும். இருமுறை திரும்பியதற்கு, நலமாகிவிட்டது என்று அதை நிறுத்தியது காரணமாக இருக்கக்கூடும். பாலிப் மிகவும் பெருத்தால் ஓரிரு வாரம் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். அதை ஆண்டுக்குப் பலமுறை எடுக்கும் நிலை வரக் கூடாது. அந்நிலை வந்தவர்களுக்காக, அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களைத் தடுக்கும் ஊசிகள் வந்துள்ளன. டுபிலுமாப் 2019இல் அமெரிக்காவில் பாலிப்புக்கு அனுமதி பெற்றது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பலருக்கு வாசனை உணர்வு திரும்புகிறது. விலைதான் பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆஸ்துமாவைப் பார்க்கும் நெஞ்சக மருத்துவரும் மூக்கு மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யட்டும்.

கேள்வி (சிவகங்கை மாவட்ட வாசகர்): சிறு வயது முதல் ஊர்க் கண்மாயில்தான் குளியல். சில மாதங்களாக இடது மூக்கு மட்டும் அடைத்து, அவ்வப்போது இரத்தம் வருகிறது. உள்ளே சிவப்பாக ஏதோ தெரிகிறது. வலி இல்லை.

பதில்: காலம் தாழ்த்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள், விரலாலோ குச்சியாலோ அதைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதோடு இரத்தம் என்றால் என்டோஸ்கோப் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். கட்டிகளும் இப்படித் தொடங்கும். கழுத்தில் நெறி கட்டுதல், கன்னம் மரத்தல், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவை கூடவே இருந்தால் இன்னும் அவசரம்.

உங்கள் பகுதியையும் கண்மாய்க் குளியலையும் வைத்துப் பார்க்கும்போது ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோயை முதலில் நினைக்கிறேன். இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பகுதிகளிலும் இலங்கையிலும் இது காணப்படுகிறது. கியேர்மோ சீபர் 1900இல் அர்ஜென்டினாவில் இதை விவரித்தார். நெடுங்காலம் பூஞ்சை என்று எண்ணப்பட்ட இக்கிருமி, மீன்களைத் தாக்கும் நீர்வாழ் ஒட்டுண்ணிகளின் இனத்தைச் சேர்ந்தது என்று பின்னர் மரபணு ஆய்வில் தெரிந்தது. தேங்கிய நீரில் மூழ்கிக் குளிக்கையில், சவ்வில் உள்ள நுண்ணிய காயத்தின் வழியாக அது புகுவதாகக் கருதப்படுகிறது. சிவந்த சதையின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தூவியதுபோல இருக்கும். தொட்டால் இரத்தம் கொட்டும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. குடும்பத்தார் ஒதுங்கத் தேவையில்லை.

ஸ்பிரேயும் மாத்திரையும் இதைக் கரைக்கா. என்டோஸ்கோப் உதவியுடன் முழுவதும் அகற்றி, அது முளைத்த அடிப்பகுதியை மின்சூட்டால் சுட வேண்டும். இரத்தப்போக்கைச் சமாளிக்கும் ஏற்பாடு உள்ள மருத்துவமனையில்தான் செய்துகொள்ள வேண்டும் என்பதால், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே ஏற்றது. எடுத்த சதையை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினால் நோய் உறுதியாகும். இது திரும்ப வரும் இயல்புடையது. அதைக் குறைக்க டாப்சோன் மாத்திரையைச் சில மாதங்கள் தருவார்கள். அதைத் தொடங்குமுன் ஜி6பிடி என்னும் நொதியின் அளவை அறியும் இரத்தப் பரிசோதனை செய்வது அவசியம். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு டாப்சோன் இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். அறுவைக்குப் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை மூக்கைக் காட்டிவாருங்கள், கண்மாயில் முங்கிக் குளிப்பதை விட்டுவிடுங்கள். வீட்டில் சிறுவர்கள் கூட வருவார்கள் என்றால் அவர்களையும் அங்கே குளிக்க விடாதீர்கள்.